பார்க்க: துலா

"அங்கிள், இது என்ன பாஷை?"

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலமாகிவிட்ட என் நண்பரின் மகள், லவாலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக் கேட்டாள். திரையில் ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நின்றன. சொல் என்று ஒன்றையும் பிரித்தெடுக்க முடியாது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: தமிழ். எம், கே, அரைப்புள்ளி, கே, எச்: அம்மா. அவள் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தொண்ணூறுகளில் இங்கே வந்து சங்க மலர்களுக்கும் கல்யாண அட்டைகளுக்கும் தட்டச்சுச் செய்துகொடுத்த எங்கள் வயதுக்காரர் பலருக்கும் இந்த மந்திரம் தெரியும். அதன் பெயர் பாமினி.

அவளுடைய அப்பா வடமராட்சியில் ஆசிரியராக இருந்தவர். மொன்றியாலில் இரவு வேலை. பகலில் நித்திரை கொள்ளவேண்டிய நேரத்தில் தன் ஊரின் இறைப்புச் சொற்களையும் பனைத்தொழிற் சொற்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார். முதலில் சீ.ஆர். கொப்பிகளில், 1998இலிருந்து கணினியில். துலா, ஆடுகால், துலாக்கொடி, பட்டை, வாய்க்கால். கடகம், உமல், பிளா, நீத்துப்பெட்டி, பனாட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அதைச் சொன்னவர், சொன்னபடியே ஒரு வசனம். புத்தகமாக்க வேண்டும் என்று சந்திக்கும்போதெல்லாம் சொல்வார். ஆக்காமலே போய்விட்டார்.

மகள் 101ஆம் சட்டத்தின் பிள்ளை. பிரெஞ்சுப் பள்ளி, பிரெஞ்சில் வேலை, சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. கேட்டால் எல்லாம் விளங்கும்; வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். அவள்தான் அப்பாவின் கோப்புகளை இன்றைய குறிப்பெடுக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டு ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தாள். ஒப்சிடியன் என்ற மென்பொருளைத் தெரிந்தெடுத்திருந்தாள். ஏன் அதை என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு கட்டுரையை அனுப்பிவைத்தாள். நான் இங்கே விமர்சிக்கப் புகுந்தது அந்தக் கட்டுரையை. கூடவே மென்பொருளையும்தான், ஒன்று மற்றதன் கொள்கை விளக்கம் என்பதால் இரண்டையும் பிரித்துப் பேச முடியவில்லை.

ஒப்சிடியனை உருவாக்கிய ஷிடா லி, எரிக்கா ஷூ இருவரும் இங்கே பக்கத்து மாகாணத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 2020இல் அது பாவனைக்கு வந்தது. 2023இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஸ்ரெஃப் ஆங்கோ அதே ஆண்டில் எழுதிய சிறிய கட்டுரை அது. தலைப்பைத் தமிழில் 'செயலிக்கு மேலாகக் கோப்பு' எனலாம். சாரம் இவ்வளவுதான்: செயலிகள் வரும், போகும். உங்கள் எழுத்து நிற்கவேண்டுமானால் அது உங்கள் கையில் உள்ள கோப்பாக, எந்தக் கருவியாலும் திறக்கக்கூடிய எளிய வடிவில் இருக்கவேண்டும். ஒப்சிடியன் அதன்படியே நடக்கிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியில் ஒரு தனிக் கோப்பு. தலைப்புக்கு முன்னால் ஒரு எண்குறி, அழுத்திச் சொல்ல இரண்டு பக்கமும் உடுக்குறி, இன்னொரு குறிப்பைச் சுட்ட இரட்டைச் சதுர அடைப்பு. இதற்கு மார்க்டவுண் என்று பெயர். நாளைக்கு ஒப்சிடியன் இல்லாமல் போனாலும் கணினியோடு வரும் சாதாரண எழுதியில் அந்தக் கோப்பைத் திறந்து வாசிக்கலாம்.

இந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். மாற்றுவழி என்னவென்று பார்த்திருக்கிறோம். 2008இல் வந்த எவர்நோட்டில் உலகமே குறிப்பெழுதியது. 2022இன் இறுதியில் அதை இத்தாலிய நிறுவனமொன்று வாங்குவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரேயொரு குறிப்பேடு என்று எல்லை போட்டார்கள். பழைய குறிப்புகளை அழிக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் மாறியதும் விதிகள் மாறுவதை அனுபவித்த எங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆங்கோவின் வாதம் ஓரிடத்தில் எனக்கு இடறியது. அந்த இடறலைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எகிப்தியக் கோயில்களில் செதுக்கிய சித்திர எழுத்துகளை அவர் உதாரணம் காட்டுகிறார். செதுக்கிய உளி போய்விட்டது, எழுத்து நிற்கிறது என்பது கருத்து. அழகான உவமை. ஆனால் அந்த எழுத்துக்கு நடந்ததென்ன? அதில் பொறித்த, காலம் தெரிந்த கடைசிக் கல்வெட்டு கி.பி. 394இல், ஃபிலே கோயிலில். 1822இல் ஷாம்பொலியோன் அதன் பூட்டைத் திறக்கும்வரை ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அந்தச் சுவர்களை வாசிக்க உலகில் ஒருவரும் இருக்கவில்லை. எழுத்து நின்றது; வாசிப்பு நிற்கவில்லை. கோப்பு நீடிப்பதற்குக் காட்டிய உதாரணமே, கோப்பு மட்டும் நீடித்தால் போதாது என்பதற்கு நான் அறிந்த மிகப் பெரிய சாட்சி.

இன்னொன்றும் சொல்கிறார். 2060களின் கணினியில் வாசிக்கவேண்டிய எழுத்து, 1960களின் கணினியிலும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறார். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது நல்ல உரைகல். 1963இல் வெளியான ஆஸ்கி நியமத்தில் மொத்தமே 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கும் கணினியின் கட்டளைக் குறிகளுக்கும் அது சரியாகப் போதும். பிரெஞ்சின் உச்சிக்குறியிட்ட எழுத்துகளுக்கே அங்கே இடமில்லை. தமிழ் எங்கே போக? அப்படியானால் 1960களின் கணினியில் சிக்கலில்லாமல் திறக்கக்கூடிய தமிழ் எது? என் நண்பரின் பாமினிதான். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அதைவிடத் தூய, அதைவிட எளிய எழுத்து வடிவம் கிடையாது. ஆங்கோவின் சோதனையில் நூற்றுக்கு நூறு எடுக்கும் அந்தக் கோப்பு, சொந்த மகளுக்கு என்ன பாஷையென்று தெரியாமல் போய்விட்டது.

இளையவர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். பாமினி ஒரு எழுத்துரு. கணினி தன் மனத்தில் வைத்திருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுத் திரையில் காட்டும். முகமூடி இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரியும். 1991இல் யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவையும் கூடவே கொண்டுவந்தது. ஆனாலும் நாங்கள் பாமினியை விடவில்லை. பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் தமிழ் யூனிகோட்டைச் சிதைத்தன, அச்சகம் பாமினி கேட்டது, விரலும் பழகிவிட்டது. சோம்பல் என்று இன்று சொல்லலாம். அன்றைக்கு அது நடைமுறை.

மகள் செய்த வேலை, ஒப்சிடியனின் எந்த அறிமுகமும் செய்யச் சொல்லும் வேலைதான். வேர்ட் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவுசெய்து, அலங்காரங்களை நீக்கி, வெறும் எழுத்தாக ஒட்டினாள். அலங்காரம் என்று அவள் நீக்கியவற்றில் எழுத்துருவின் பெயரும் ஒன்று. அந்தப் பெயர்தான் அங்கே மொழி. அதை உதறியவுடன் தமிழும் உதிர்ந்துவிட்டது.

சரி, பாமினியை யூனிகோட்டாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று மாற்றினோம். தமிழ் வந்தது, அவள் கைதட்டினாள். ஐந்து வரி வாசித்தபின் ஒரு புதிய ஊர் வந்தது: 'டுயஎயட'. பிறகு ஒரு புதிய நாடு: 'ஊயயெனய'. இரண்டாவதை நான் முன்பே கண்டிருக்கிறேன். அவசரத்தில் மாற்றி வெளியிட்ட இணையச் செய்திகளில் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். நண்பர் நடுவில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த கனடாவை, மாற்றி பாமினி என்று எண்ணித் தமிழாக்கியிருந்தது. 'டுயஎயட' எங்கள் லவால். வேர்ட் கோப்பில் இந்தத் துண்டு பாமினி, அந்தத் துண்டு ரைம்ஸ் என்று துண்டுக்குத் துண்டு குறித்திருக்கும். வெறும் எழுத்தாக்கியபின் எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்ல ஒருவருமில்லை. பிரெஞ்சுச் சொற்கள் வந்த இடங்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

ஆகவே பழைய கோப்புகளோடு தொடங்குபவர் செய்யவேண்டியது, வழக்கமான அறிமுகங்கள் சொல்லும் வரிசைக்குத் தலைகீழ். மூலக் கோப்பின் பிரதியைத் தொடாமல் வேறிடத்தில் வையுங்கள். அலங்காரம் இருக்கும்போதே, வேர்டுக்குள்ளேயே, பாமினித் துண்டுகளை மட்டும் தேர்ந்து யூனிகோட்டாக்குங்கள். வேர்டின் தேடலில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடமுடியும். அது இந்த வேலைக்குப் போதும். அதன்பிறகு வெறும் எழுத்தாக்கலாம். எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதலில் மூலத்தை நீக்கியிருந்தால் நாற்பது பிடித்திருக்கும். அவள் நீக்கவில்லை. அப்பாவின் கோப்பை அழிக்க மனம் வரவில்லையாம். தொழில்நுட்ப அறிவு செய்யாததை அது செய்தது.

அடுத்தது தேடல். குறிப்பெடுக்கும் மென்பொருளின் உயிர் அங்கேதான். ஆயிரம் குறிப்பு எழுதலாம்; எடுக்க முடியாவிட்டால் அது பரணில் போட்ட பெட்டி. நான் தொட்டுப் பார்த்த இத்தகைய மென்பொருள்கள் எல்லாமே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடுகின்றன. ஆங்கிலத்தில் சொல்லின் வாலில் ஓரெழுத்து கூடலாம், பெரும்பாலும் தப்பிவிடலாம். தமிழில் சொல் வேற்றுமை ஏற்கும்போது உள்ளேயே உருமாறும். 'கிணறு' என்று தேடினோம். நண்பர் எழுதியிருந்ததோ கிணற்றில், கிணற்றடி, ஊர்வழக்கில் கிணத்தடி. ஒன்றும் வரவில்லை. வாலை வெட்டிக் 'கிண' என்று கொடுத்தோம். கிணறுகள் எல்லாம் வந்தன. கூடவே கிண்ணமும் கிண்டலும் வந்தன, ஏனென்றால் கணினிக்குப் புள்ளி என்பது எழுத்துக்குப் பிறகு வரும் இன்னொரு குறி, 'கிண்' என்பதற்குள் 'கிண' இருக்கிறது. 'மரம்' தேடினால் மரத்தில் வராது. 'மர' என்று தேடினால் மரக்கறி, மரபு, மரணம் எல்லாம் வரும். துலா மட்டும் நல்ல பிள்ளை. உயிரோசையில் முடிவதால் துலாவில், துலாக்கொடி, துலாமிதிப்பு எல்லாவற்றிலும் முழுதாக நிற்கிறது.

சுட்டிகளிலும் இதே கதை. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களுக்கு இது 2003இலிருந்தே பழக்கம். யாழ்ப்பாணம் என்ற பக்கத்துக்குச் சுட்டி போட்டுவிட்டு வசனத்தில் 'யாழ்ப்பாணத்தில்' என்று தெரியவைக்க ஒவ்வொரு முறையும் நடுவில் குத்துக்கோடு போட்டு இரண்டையும் எழுதவேண்டும். ஒப்சிடியனிலும் அதே குத்துக்கோடு. ஆனால் அங்கே ஒரு நல்ல வசதி உண்டு. ஒரு குறிப்புக்கு மாற்றுப் பெயர்களைத் தலையில் எழுதிவைக்கலாம். நாங்கள் அதை நிரப்பினோம்: கிணறு, கிணற்றில், கிணற்றடி, கிணத்தடி. அவள் தானாகவே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: கிணற்றுக்கான பிரெஞ்சுச் சொல். நான் முதலில் முகம் சுளித்தேன். பிறகு யோசித்தேன், நாளைக்கு இதைத் தேடப்போவது நானா, அவளா?

இந்தக் கேள்வியிலிருந்துதான் என் இரண்டாவது முறைப்பாடு தொடங்குகிறது. இது ஆங்கோவின் கட்டுரையோடு நிற்பதில்லை. இந்தத் துறையில் எழுதப்படும் பெரும்பாலானவற்றின் மீதும் எனக்குள்ள முறைப்பாடு. தியாகோ ஃபோர்ட்டே 2022இல் எழுதிய நூல் 'இரண்டாவது மூளை' என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. குறிப்பேடு உங்கள் மூளையின் நீட்சியாம். ஒப்சிடியன் காதலர் வழிபடும் நிக்லஸ் லூமன் என்ற ஜேர்மன் சமூகவியலாளர் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் எழுதி இலக்கமிட்டுப் பெட்டிகளில் வைத்தவர். தன் பெட்டியோடு உரையாடுவதாக 1981இல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்த உரையாடலில் பெட்டி எப்போதும் லூமனோடுதான் பேசியது. எழுதியவரும் வாசிப்பவரும் ஒருவரே என்ற எண்ணம் இந்த எழுத்துகளில் கேட்காமலே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அவர் 1998இல் இறந்தபின் பெட்டிகளைப் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகம் 2011இல் வாங்கிப் பிறர் வாசிக்கும்படி செய்வதற்கு அறிஞர் குழு ஒன்றே உழைக்கவேண்டியிருந்தது. எங்கள் வீடுகளில் அறிஞர் குழு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உண்டு.

எங்கள் பக்கத்தில் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. மிரோன் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். அந்த வேலை தொடங்கியது யாழ்ப்பாணத்தில். நல்லூரில் இருந்த பாதிரியார் ஜோசப் நைற் பல ஆண்டுகள் சேர்த்த சொற்குறிப்புகள் அதன் அடிப்படைகளில் ஒன்று. உள்ளூர்த் தமிழறிஞர்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. நைற்றின் குறிப்புகள் அவர் காலத்துக்குப் பின் பிறர் கைக்கு மாறின. அரை நூற்றாண்டு கழித்து, 1913இல், அந்த வின்சுலோவைத் திருத்த வேண்டுமென்று சென்னையில் சாண்ட்லர் தொடங்கிய வேலையை 1926இல் வையாபுரிப்பிள்ளை ஏற்று, 1936இல் தமிழ் லெக்சிக்கனின் ஆறாவது தொகுதியில் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தச் சங்கிலியில் தன் குறிப்பைத் தானே முடித்தவர் மிகக் குறைவு. இன்னொருவர் எடுத்துத் தொடரக்கூடியதாக அவை இருந்தன. சொல், பொருள், எங்கே வழங்குவது. யார் கையில் கொடுத்தாலும் விளங்கும்.

என் நண்பரும் பாதி அப்படித்தான் எழுதினார். ஆடுகாலின் கீழே 'பார்க்க: துலா' என்று இருக்கும். துலாவின் கீழே 'பார்க்க: ஆடுகால், துலாக்கொடி, பட்டை'. ஆடுகால் இல்லாமல் துலா நிற்காது. கொடி இல்லாமல் பட்டை கிணற்றுக்குள் இறங்காது. சுட்டிகள் பொருளுக்குள்ளேயே இருந்தன, அவர் அவற்றைக் கண்டு எழுதினார். மகள் அந்தப் 'பார்க்க'களை எல்லாம் இரட்டை அடைப்பாக மாற்றினாள். அன்றைய நாளில் ஒப்சிடியன் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது. துலாவைத் தொட்டால் அதைச் சுட்டுகிற எல்லாக் குறிப்பும் ஓரத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன. 25 ஆண்டுகளுக்கு முன் இது கிடைத்திருந்தால் அந்த மனிதன் புத்தகத்தை முடித்திருப்பான் என்றுகூட நினைத்தேன். முடித்திருக்கமாட்டான். அது வேறு கதை.

குறிப்புகளை விண்மீன் கூட்டம்போலப் புள்ளியும் கோடுமாகக் காட்டும் வரைபடத்தைப் பற்றிப் பலர் பரவசப்படுகிறார்கள். அவள் அதைக் காட்டினாள், பார்த்தேன். ஒரு பக்கம் கிணற்றைச் சுற்றி ஒரு கூட்டம், மறுபக்கம் பனையைச் சுற்றி ஒரு கூட்டம். எங்கள் ஊரில் கிணறும் பனையும் உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே தனியாக ஒரு புள்ளி இரண்டுக்கும் கோடு நீட்டிக்கொண்டு நின்றது: பட்டை. பனையோலையில் கட்டிக் கிணற்றில் இறைப்பது. சரி, அரை மதிப்பெண் கொடுக்கலாம்.

பாதி அப்படி எழுதினார் என்றேன். மறுபாதி, தனக்கு மட்டும் எழுதியது. சொன்னவரின் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் சுருக்கம். 'பெ.சொ.' என்று பல இடங்களில். நான் அதைப் 'பெரியம்மா சொன்னது' என்று வாசித்து, மகளும் அப்படியே எழுதிவிட்டாள். ஏதோ உறுத்தியதால் ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம்.

"பெரியம்மாவோ? அவனுக்கேது பெரியம்மா! கொப்பற்ரை அம்மா மூத்த பிள்ளையெல்லோ. அது பெத்தாச்சி. அந்த மனிசி கதைச்சுக்கொண்டே இருக்கும், இவன் எழுதிக்கொண்டே இருப்பான்."

மகள் அன்றிரவே ஒவ்வொரு குறிப்பிலும் 'யார் சொன்னது: பெத்தாச்சி' என்று திருத்தினாள். பெத்தாச்சிக்கு ஒரு தனிக் குறிப்பும் திறந்தாள். அக்கா சொன்னதைக் கேட்டு அதில் மூன்று வரி பிரெஞ்சில் எழுதியிருக்கிறாள். தமிழில் எழுதச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. பின்னேரம் எப்போதாவது நானே கீழே எழுதுவேன். இப்போது புதிதாக எதைச் சேர்த்தாலும் சுருக்கம் போடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி. திகதி, இடம், சொன்னவர், முழுச்சொல். மென்பொருள் எந்த ஒரு மென்பொருளாகவும் இருக்கட்டும்.

இன்னும் ஒரு சுருக்கம் பிடிபடவில்லை. 'வ.கே.' என்று 14 சொற்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது; அத்தனையும் இறைப்புச் சொற்கள். ஊரின் பெயரா, ஆளின் பெயரா, 'வயலில் கேட்டது' என்பதா தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளில் வடமராட்சியில் சொற்சேகரிப்பில் ஈடுபட்ட ஓர் ஆசிரியரைத் தெரிந்த வாசகர் யாராவது இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள். யூனிகோட்டில் எழுதினால் நல்லது. பாமினியில் வந்தாலும் வாசித்துவிடுவேன்.